1735க்கும் 1765க்கும் இடையில

போன கிழமை அக்காவின்ர மகள் கொக்குவிலுக்கு வந்தவள், கையில ஒரு பைல், அதுக்குள்ள ஏழெட்டு ஏ4 பேப்பர், எல்லாத்திலயும் கோடு தான். மூண்டாம் வருசம் கெமிஸ்ரி செய்யிறாள். செருப்பைக் கழட்ட முன்னமே "மாமா, இது ரெண்டும் ஒண்டு தானே, பாத்துச் சொல்லுங்கோ" எண்டு ரெண்டு பேப்பரை நீட்டினாள். கரண்ட் இல்லை. விறாந்தையில இருந்த வெளிச்சத்தில பாத்தால் ரெண்டும் ஐஆர் (அகச்சிவப்பு வெளிச்சத்தைச் சாமானுக்குள்ளால விட்டு, எங்க எங்க விழுங்குது எண்டு கீறுற கோடு), ஒண்டு அவள் லாப்பில கராம்பில இருந்து எடுத்த எண்ணெய், மற்றது போத்தலில வாங்கின சுத்த இயூஜினோல், கராம்பு வாசத்தின்ர ஆள். ரெண்டும் ஒண்டு எண்டு சொன்னால் ரிப்போட்டை முடிச்சுப் போட்டுப் படுக்கலாம் எண்டது அவளின்ர முகத்திலயே எழுதியிருந்தது.

நான் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு பேப்பரையும் எடுத்து ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சு யன்னல் கண்ணாடியில அமத்திப் பிடிச்சன். வெளி வெளிச்சத்தில அடியில இருக்கிற கோடும் தெரியும், மேல இருக்கிறதும் தெரியும். நாங்கள் படிக்கேக்க இப்பிடித்தான். இப்ப சொப்ட்வெயரில ஓவர்லே எண்டு ஒரு பட்டன் இருக்கு, ஆனால் அந்தப் பட்டனை அமத்தினால் சில சொப்ட்வெயரில ரெண்டு கோட்டையும் மெஷின் தானே ஒரே உயரத்துக்கு இழுத்து விட்டிடும், அப்ப சின்ன வித்தியாசம் எல்லாம் பெரிசாத் தெரியும் இல்லாட்டிக்கு மறைஞ்சு போகும், யன்னல் கண்ணாடி அப்பிடி ஒண்டும் செய்யாது.

"வடிவாப் பாரும், எங்க ஒட்டேல்லை?"

அவள் கொஞ்ச நேரம் பாத்திட்டு "இதில மட்டும் தான் மாமா, இந்த 1765ல, என்ர எண்ணெயில ஒரு சின்னப் பள்ளம் கிடக்கு, போத்தல்காரனில இல்லை" எண்டாள்.

அந்த இலக்கத்தைக் கேட்டவுடன எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஏனெண்டால் இதே கராம்பு, இதே இயூஜினோல், இதே ஐஆரில நான் ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால வெக்கப்பட்டு நிண்டனான்.

அந்தக் கதைக்கு முன்னம் ஐஆரைப் பற்றி ஒரு சொல்லு சொல்லிப் போட்டு வாறன், தெரிஞ்ச ஆக்கள் தாண்டிப் போங்கோ. (ஏ/எல்லில ஸ்பெக்ட்ரத்துக்கு எங்களுக்குத் திருசியம் எண்டு படிப்பிச்சவை, இந்தியாப் புத்தகத்தில நிறமாலை, கம்பஸுக்குப் போனால் ரெண்டும் இல்லை, எல்லாரும் ஸ்பெக்ட்ரம் எண்டு தான் கதைக்கிறது, நானும் அப்பிடியே எழுதுறன்.) கோட்டுக்குக் கீழ இருக்கிற இலக்கம் அலையெண், ஒரு சென்ரிமீற்றருக்குள்ள எத்தினை அலை எண்டது. பேப்பரின்ர இடப்பக்கம் 4000, வலப்பக்கம் 400, அதாவது இலக்கம் வழக்கத்துக்கு மாறா வலப்பக்கம் போகப் போகக் குறையும். பீக் எல்லாம் மேல இருந்து கீழ தொங்கும், ஏனெண்டால் அது எவ்வளவு வெளிச்சம் கடந்து வந்தது எண்ட கணக்கு. 3000க்கு மேல போனால் ஓஎச், என்எச், பென்சீன் வளையத்தில இருக்கிற ஐதரசன், 3000க்குக் கொஞ்சம் கீழ சாதாரணக் காபன் ஐதரசன், 1700ஐச் சுத்தி காபனைல் (காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில நிக்கிற இடம்), 1500க்குக் கீழ போனால் பிங்கர்பிறின்ற் எண்டு சொல்லுற காடு. அந்தக் காட்டுக்குள்ள ஒவ்வொரு பீக்குக்கும் பேர் வைக்க வெளிக்கிட்டால் விடிஞ்சிடும், அது ரெண்டு கோட்டை ஒட்டிப் பாக்கிறதுக்குத் தான்.

சரி, கராம்பு. எங்கட வீட்டில பல்லுக்கொதி எண்டால் அம்மம்மா கராம்பு எண்ணெயைப் பஞ்சில தொட்டு வைக்கிறவ, அந்த வாசம் தான் இயூஜினோல். இறுதி வருசம் எனக்குத் தந்த வேலை கராம்பைப் பெரியகடையில வாங்கி, இடிச்சு, நீராவியில வடிச்சு, வாற எண்ணெயில என்னென்ன கிடக்கு எண்டு பாக்கிறது. சும்மா ஒரு சின்ன வேலை, உலகத்தில எல்லாரும் செய்து முடிச்சது. கராம்பு எண்ணெயில பெரும்பங்கு இயூஜினோல், அதோட இயூஜினைல் அசற்றேற்று எண்ட எசுத்தரும் (அமிலமும் ஓஎச் உள்ள சாமானும் சேர்ந்து வாறது) கொஞ்சம் இருக்கும் எண்டு புத்தகத்தில போட்டிருந்தது. எனக்கு ஆசை, என்ர எண்ணெயிலயும் அந்த எசுத்தரைக் காட்ட வேணும். ஐஆர் எடுத்தால் 1735ல ஒரு நல்ல பீக். அவ்வளவு தான், அண்டைக்கு ராத்திரியே எழுதிப்போட்டன், எசுத்தர் காபனைல் 1735 முதல் 1750 வரை வரும், எனவே என்ர எண்ணெயில அசற்றேற்று நிரூபணம் எண்டு. பிரசென்ரேசனிலயும் சிவப்பு அம்புக்குறி எல்லாம் போட்டுக் காட்டினனான்.

பின் வாங்கில இருந்த சேர் ஒராள் மெல்லிசாக் கேட்டார், "தம்பி, உம்மட எசுத்தர் என்ன எசுத்தர்?"

"அசற்றேற்று, சேர்."

"ஆரின்ர அசற்றேற்று? அற்ககோலின்ரயோ பீனோலின்ரயோ?"

அப்பவே எனக்கு உள்ளுக்க ஏதோ இடறிச்சு. இயூஜினோல் ஒரு பீனோல். அதின்ர ஓஎச் பென்சீன் வளையத்தோட நேரா ஒட்டியிருக்கு. அதை அசற்றேற்றாக்கினால் எசுத்தரின்ர ஒட்சிசன் தன்ர இலத்திரனைக் காபனைலுக்கும் குடுக்க வேணும், வளையத்துக்கும் குடுக்க வேணும், பங்கு போடேக்க காபனைலுக்குக் குறையும், குறைஞ்சால் காபனைல் பிணைப்பு இன்னும் இறுகும். தவில் தோலை இறுக்க இறுக்கச் சத்தம் ஏறுற மாதிரி, பிணைப்பு இறுகினால் இலக்கமும் ஏறும், சாதாரண எசுத்தர் 1740ல நிக்க, பீனைல் எசுத்தர் 1760, 1765க்குப் போயிடும். அமைட்டு இதுக்கு நேர்மாறு, அதில நைதரசன் தாராளமாக் குடுக்கும், காபனைல் தளர்ந்து 1650, 1680 எண்டு இறங்கி வரும். இதெல்லாம் நான் பரீட்சைக்கு எழுதினது. ஆனால் என்ர சொந்தப் பேப்பரில 1735 எண்டு கண்டவுடன, எசுத்தர் எண்டு ஒரு சொல்லு மண்டைக்குள்ள வந்து, அதோட கதவைச் சாத்திப் போட்டன்.

"1765 எங்க?" எண்டார் சேர். அங்க ஒண்டும் இல்லை. கொஞ்சம் உப்பினது மாதிரி ஒரு வளைவு இருந்தது, அதுவும் நம்பினால் இருக்கு, நம்பாட்டி இல்லை.

அப்ப 1735ல நிண்டது ஆர்? வடிச்ச தண்ணியில இருந்து எண்ணெயைப் பிரிச்செடுக்க டைகுளோரோமீதேன் தான் பாவிக்கிறது, அண்டைக்கு அது முடிஞ்சு போச்சு, நான் எதைல் அசற்றேற்றைப் பாவிச்சனான். எதைல் அசற்றேற்றும் ஒரு எசுத்தர் தானே, அதுவும் சாதாரண அற்ககோல் எசுத்தர். தனிய இருந்தால் 1740 சொச்சத்தில வரும், இயூஜினோல் மாதிரி ஒரு பீனோலுக்குள்ள கரைஞ்சு கிடந்தால் ஓஎச் போய்க் காபனைலைப் பிடிச்சுக் கொஞ்சம் கீழ இழுக்கும். கரைப்பானை ஆவியாக்கிக் கலைக்கிற ரோட்டவேப்பரில நான் அவசரப்பட்டு எடுத்திட்டன், வேற ஒண்டும் இல்லை. அம்புக்குறி போட்டுக் காட்டின என்ர கண்டுபிடிப்பு நான் கழுவிவிட மறந்த கரைப்பான்.

முப்பது இலக்கம். பேப்பரில அளந்தால் ரெண்டு மூண்டு மில்லிமீற்றர்.

கிட்ட இருக்கிறதும் அதுவேயா இருக்கிறதும் வேற வேற எண்டதில ஸ்பெக்ட்ரம் படிக்கிற ஆக்களுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1868 ஓகஸ்ட் 18 ஒரு முழுச் சூரிய கிரகணம், பிரெஞ்சுக்காரர் ஜான்சன் அதைப் பாக்க ஆந்திராப் பக்கம் குண்டூருக்கு வந்தவர். அந்த வருசம் சூரியனின்ர விளிம்பில பாத்த வெளிச்சத்தில ஒரு மஞ்சள் கோடு. மஞ்சள் கோடு எண்டால் சோடியம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், உப்பை அடுப்பில போட்டால் வாற அதே மஞ்சள். ஆனால் சோடியத்தின்ர ரெண்டு கோடும் 589.0, 589.6 நானோமீற்றரில, இது 587.6ல. கிட்ட இருக்கிற கோட்டோட பாத்தால் ஒண்டரை நானோமீற்றர் கூட வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில லொக்கியர் அது சோடியம் இல்லை எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டு ஹீலியம் எண்டு பேரும் வைச்சவர், பூமியில அதை ராம்சே கண்டுபிடிச்சது 1895ல, இருவத்தேழு வருசம் கழிச்சு. நான் அந்தக் காலத்தில இருந்திருந்தால் சோடியம் எண்டு எழுதிப்போட்டுச் சாப்பிடப் போயிருப்பன், அதில சந்தேகமே இல்லை.

என்ர கதைக்கு வாறன். சேர் விட்ட பிறகு நான் செய்தது, அதே சாம்பிளை என்எம்ஆருக்குக் குடுத்தது, காந்தத்துக்குள்ள வைச்சு மூலக்கூறில இருக்கிற ஐதரசன் ஒவ்வொண்டும் எந்த மாதிரி இடத்தில நிக்குது எண்டு இலக்கத்தில காட்டுற மெஷின். அப்ப எங்களிட்ட அந்த மெஷின் இல்லை, கொழும்புக்கு அனுப்ப வேணும், சின்னக் கண்ணாடிப் போத்தலில அடைச்சு, தெரிஞ்ச ஒராளிட்டக் குடுத்து பஸ்ஸில. மூண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பேப்பர் வந்தது. அதில 1.26ல மூண்டாப் பிரிஞ்ச ஒரு பீக், 2.05ல ஒற்றைப் பீக், 4.12ல நாலாப் பிரிஞ்ச பீக், பரப்பு 3க்கு 3க்கு 2 (பரப்பு எண்டது எத்தினை ஐதரசன் எண்ட கணக்கு). குளோரபோமில எதைல் அசற்றேற்று எடுத்தால் வாற அதே இலக்கம் அதே வடிவம். என்எம்ஆர் செய்யிற எல்லாருக்கும் இந்த மூண்டும் பாடம், இதுகள் வீட்டுக்குச் சொல்லாமல் வாற சொந்தக்காரர் மாதிரி, எந்த சாம்பிளிலயும் வந்து குந்தியிருக்கும். அசெற்றோன் 2.17, குளோரபோமுக்குள்ள இருக்கிற தண்ணி 1.56, குளோரபோமின்ர மிச்சம் 7.26, கிறீஸ் பூசின கண்ணாடி மூட்டில இருந்து வாற சிலிக்கோன் 0.07. ஒரு புது சாம்பிள் வந்தால் நான் முதல்ல இந்த விருந்தாளியள் எல்லாரையும் பென்சிலால வெட்டிப்போட்டுத் தான் மிச்சத்தைப் பாக்கத் தொடங்குவன்.

இயூஜினைல் அசற்றேற்று இருந்திருந்தால் அதின்ர மெதைல் 2.31ல வரும். 2.05 ஒரு ஆள், 2.31 வேற ஆள். ஐஆரில முப்பது இலக்கத்துக்குள்ள நெருக்கிக்கொண்டு நிண்ட ரெண்டு பேரும் என்எம்ஆரில ஒழுங்கையின்ர ரெண்டு அந்தத்தில நிக்கினம். இதால தான் ஒரு மெஷினை நம்பி ஒரு முடிவும் எழுதக் கூடாது எண்டு சொல்லுறது.

இதெல்லாம் சொல்லி முடிக்க மருமகள் "அப்ப என்ர 1765 சரி தானே மாமா, அது அசற்றேற்று தானே" எண்டாள். ஓம், அது சரி. 1765 எண்டால் பீனைல் எசுத்தர், அதோட 1200 பக்கத்திலயும் அவளின்ர எண்ணெயில கொஞ்சம் கூடவா ஒரு பள்ளம் இருந்தது, அது எசுத்தரின்ர காபன் ஒட்சிசன் பிணைப்பு. ஒரு பீக் தனிய வந்து சாட்சி சொன்னால் பத்தாது, கூட்டாளியும் வர வேணும். அல்டிகைட்டு எண்டால் 1725 மட்டும் பத்தாது, 2720, 2820 பக்கத்தில சின்னச் சோடி வேணும். காபொட்சிலிக் அமிலம் எண்டால் 1710ஓட 2500ல இருந்து 3300 வரைக்கும் தாடி மாதிரி ஒரு பரந்த பள்ளம் வேணும், அந்தத் தாடி இல்லாட்டி அமிலம் இல்லை. எனக்கு எப்பவும் இருக்கிற பீக்கை விட இருக்க வேண்டிய இடத்தில இல்லாத பீக்கில தான் நம்பிக்கை கூட. இருக்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், இல்லாததுக்கு அவ்வளவு சாட்டுச் சொல்ல ஏலாது.

பேந்து அவள் இன்னொரு இடத்தைக் காட்டினாள், 2350 சொச்சத்தில ரெட்டைக் கொம்பு மாதிரி ஒண்டு. "நைற்றைலா மாமா?" நைற்றைல் 2250 பக்கம். இது காபனீரொட்சைட்டு, 2349. மெஷினுக்குப் பக்கத்தில நிண்டு கதைச்சுக்கொண்டு பாக்கிரவுண்ட் (சாம்பிள் வைக்காமல் முதல் எடுக்கிற வெறும் கோடு) எடுத்தால் நாங்கள் விடுற மூச்சே பதிவாகும். "உது நீர் விட்ட மூச்சு பிள்ளை" எண்டன். சிரிச்சுப்போட்டு அந்தப் பேப்பரில பென்சிலால 'மூச்சு' எண்டே எழுதினாள்.

ரெண்டு ஐஆரை ஒப்பிட முன்னம் ரெண்டும் ஒரே விதமா எடுத்ததோ எண்டு கேக்க வேணும், இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. பழைய பேப்பர் எல்லாம் பொற்றாசியம் புரோமைட்டோட அரைச்சுச் சில்லு மாதிரி அமத்தி எடுத்தது, இப்ப எல்லாரும் ஏடிஆர், ஒரு சொட்டை வைரத்துக்கு மேல விட்டால் முடிஞ்சுது. ஏடிஆரில வெளிச்சம் சாம்பிளுக்குள்ள போற ஆழம் அலைநீளத்தோட மாறும், அதால 4000 பக்கத்தில பீக் எல்லாம் நோஞ்சானாயும் 1000 பக்கத்தில கொழுத்தும் வரும். இதை அறியாமல் பழைய புத்தகத்துப் படத்தோட ஒட்டிப் பாத்து "என்ர சாம்பிளில ஓஎச் குறைஞ்சு போச்சு" எண்டு ஒரு பெடியன் ஒரு பக்கம் விளக்கம் எழுதினதை நான் திருத்தியிருக்கிறன். பொற்றாசியம் புரோமைட்டுக்கு வேற கூத்து, அது காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், மார்கழி மழைக்குள்ள எங்கட ஊரில சில்லு அமத்தினால் எந்த சாம்பிளுக்கும் 3400ல ஒரு ஓஎச் இலவசமாக் கிடைக்கும்.

இனி மாஸ். ஐஆரும் என்எம்ஆரும் ஆளை உடைக்காமல் பாக்கிறது, மாஸ் ஸ்பெக் ஆளைப் போட்டு உடைச்சுத் துண்டுகளை நிறுக்கிறது. சாதாரண ஜிசி-எம்எஸ்ஸில (ஜிசி கலவையை ஒவ்வொண்டாப் பிரிச்சு விடும், எம்எஸ் உடைச்சு நிறுக்கும்) 70 இலத்திரன் வோல்ற்றால அடிப்பினம், ஏன் எல்லாரும் அதே 70 எண்டால், அப்ப தான் ஆரும் எங்கயும் எடுத்த பேப்பரும் ஒண்டோடொண்டு ஒத்துவரும், கொம்பியூட்டரில இருக்கிற லைப்ரரியோடயும் ஒட்டிப் பாக்கலாம். இயூஜினோலின்ர மூலக்கூற்று எடை 164, மாஸில 164 தான் ஆகப் பெரிய பீக், பிறகு ஒரு மெதைல் கழண்ட 149, பிறகு 131, 103, 77.

இங்க ரெண்டு பொறி. ஒண்டு, இயூஜினைல் அசற்றேற்றின்ர எடை 206, ஆனால் அது உடையேக்க முதல்ல கீற்றீன் எண்ட 42 கழண்டு போய்த் திரும்பவும் 164 ஆகும். அப்ப அசற்றேற்றின்ர மாஸிலயும் பெரிய பீக் 164. மூலையில 206 எண்டு ஒரு சின்னக் குச்சி நிக்கும், அதைப் பாக்காட்டில் இதுவும் இயூஜினோல் எண்டு எழுதுவீங்கள். ரெண்டாவது, ஐசோஇயூஜினோல். அதுவும் 164, அதுவும் 149, 131, 103, 77. ரெட்டை மாம்பழம் மாதிரி, வெளியில பாத்து ஆருக்கும் சொல்ல ஏலாது, இரட்டைப் பிணைப்பு ஒரு காபன் தள்ளி வளையத்துக்குக் கிட்ட வந்திருக்கு, அவ்வளவு தான் மாற்றம். கொம்பியூட்டர் லைப்ரரி ரெண்டுக்கும் தொண்ணூறு சொச்சம் மார்க்ஸ் குடுக்கும். அந்த 95 எண்ட இலக்கத்தைப் பாத்திட்டு 95 வீதம் சரி எண்டு நினைக்கிறது எங்கட பெடியளிட்ட இருக்கிற பெரிய வருத்தம். அது படம் எவ்வளவு ஒத்துப்போகுது எண்ட மார்க்ஸ், ஆள் ஆரெண்ட மார்க்ஸ் இல்லை. ஜிசியில ஐசோஇயூஜினோல் பிந்தித் தான் வெளியில வரும், நேரத்தைப் பாத்தால் பிடிபடும். இல்லாட்டி என்எம்ஆர்: இயூஜினோலுக்கு 3.32ல ரெண்டு ஐதரசன், 5.06ல ரெண்டு, 5.95ல ஒண்டு. ஐசோவுக்கு இது ஒண்டும் இல்லை, அதுக்குப் பதிலா 1.86ல மூண்டு ஐதரசனோட ஒரு மெதைல். அதில சண்டை பிடிக்கவே இடமில்லை.

149 எண்ட இலக்கத்தில எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்டு இருக்கு. அதே இறுதி வருச வேலையில ஜிசியின்ர கடைசிப் பக்கத்தில ஒரு பீக், பெரிய துண்டு 149. இயூஜினோலுக்கும் 149 வருது தானே, அப்ப இது இயூஜினோலின்ர ஏதோ பெரிய உறவு எண்டு நினைச்சுக்கொண்டு ஒரு கிழமை மினக்கெட்டன். பிறகு பாத்தால் 164 இல்லை, 167 இருக்கு, 279 இருக்கு. அது தலேற்று, பிளாஸ்ரிக்கை வளைய வைக்கிறதுக்குப் போடுற சாமான், நான் கரைப்பானை ஊத்தின பிளாஸ்ரிக் குழாயில இருந்து வந்தது. நல்ல நுணுக்கமான மெஷினில எடுத்தால் தலேற்றுத் துண்டு 149.0233, இயூஜினோல் துண்டு 149.0597, முழு இலக்கம் ஒண்டு, புள்ளிக்குப் பிறகு தான் ஆக்கள் வேற. எங்களிட்ட இருந்த மெஷின் முழு இலக்கம் மட்டும் தான் காட்டும். குளோரினும் புரோமினும் தான் இந்த விசயத்தில நல்ல மனுசர், குளோரின் இருந்தால் ரெண்டு எடை தள்ளி மூண்டுக்கு ஒண்டு, புரோமின் இருந்தால் ஒண்டுக்கு ஒண்டு, தூரத்தில இருந்தே கையைக் காட்டும்.

தேத்தண்ணி வந்தது. அவள் குடிச்சுக்கொண்டே, "நீங்கள் இப்ப தண்ணி தானே மாமா பாக்கிறீங்கள், அதில என்ன ஸ்பெக்ட்ரம்" எண்டு கொஞ்சம் நக்கலாத் தான் கேட்டாள். ஓம், இப்ப எனக்கு வயிறு கழுவுறது கிணத்துத் தண்ணி. எங்கட ஊர் செம்மண்ணில வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுற உரம், மலகூடக் குழி, எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கிக் கிணத்துக்கு வருது, அதால நைத்திரேற்று. அதை யூவியில, அதாவது புறஊதா வெளிச்சத்தில பாக்கலாம், 220 நானோமீற்றரில நைத்திரேற்று வெளிச்சத்தை விழுங்கும். ஆனால் அழுகின இலை தழையில இருந்து கரைஞ்ச சாமானும் 220ல விழுங்கும். அதுக்கு ஒரு பழைய தந்திரம், 275லயும் ஒருக்கா அளக்கிறது, அங்க நைத்திரேற்று விழுங்காது, மற்றது விழுங்கும், அந்த அளவை ரெண்டால பெருக்கி 220ல இருந்து கழிக்கிறது. இதுவும் ஒப்பிடுறது தான், ஒரே தண்ணியை ரெண்டு இடத்தில.

இதிலயும் சுத்துமாத்து கிடக்கு. 220க்குக் குவாட்ஸ் குவெற் (தண்ணியை ஊத்தி மெஷினுக்குள்ள வைக்கிற சின்னப் பெட்டி) வேணும், கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ போட்டால் அதுவே வெளிச்சத்தை விழுங்கிப்போடும், கிணறு எல்லாம் நஞ்சு எண்டு வரும். எங்கட தண்ணியில சுண்ணாம்பால காபனேற்று கூட, அதுக்கு 50 மில்லிலீற்றருக்கு 1 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலம் விட வேணும், விடாட்டில் அதுவும் வந்து குழப்பும். எல்லாத்தையும் ஒழுங்காச் செய்தாலும் கடைசியில அலகில விழுவினம். ஒரு ஐயா ரெண்டு ரிப்போட்டோட வந்தார், ஒரே கிணறு, ஒரே மாசம், ஒண்டில 44, மற்றதில 10. "ஆர் தம்பி பொய் சொல்லுறது?" ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. ஒருத்தர் நைத்திரேற்றா எழுதியிருக்கிறார், மற்றவர் அதுக்குள்ள இருக்கிற நைதரசனா எழுதியிருக்கிறார், இடையில 4.43ஆல பெருக்க வேணும். உலக சுகாதார நிறுவனத்தின்ர 50 மில்லிகிராம் எண்ட எல்லை நைத்திரேற்றுக்கு, நைதரசனாப் பாத்தால் அது 11.3. ஐயா ரெண்டு பேப்பரையும் மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டு, "அப்ப குடிக்கலாமோ இல்லையோ" எண்டார். எல்லைக்குக் கிட்டத் தான் நிக்குது ஐயா, குழந்தைப்பிள்ளையளுக்குப் பால்மா கரைக்க வேண்டாம் எண்டு சொல்லி விட்டனான்.

ரா ஆறரைக்குக் கரண்ட் வந்தது. மருமகள் பேப்பரை அடுக்கிக்கொண்டு போக வெளிக்கிட்டவள், வாசலில நிண்டு, "மாமா, அந்த 1765க்கு வலப்பக்கத்தில கொஞ்சம் சரிஞ்ச மாதிரிக் கிடக்கே, தோள் மாதிரி, அது?" எண்டாள். நான் லைற்றுக்குக் கீழ பிடிச்சுப் பாத்தன். இருந்தது தான், மிகச் சின்னன். "நொய்ஸ் பிள்ளை, உதுக்கெல்லாம் பேர் வைக்க வெளிக்கிடாதையும்" எண்டு பெரிய ஆள் மாதிரிச் சொல்லி அனுப்பினன்.

நேற்று ராத்திரி வட்ஸ்அப்பில ஒரு படம் வந்தது. அவளின்ர எண்ணெயின்ர என்எம்ஆர், இப்ப காலம் மாறிப் போச்சு, நாலு நாளில கைக்கு வருது. பெருப்பிச்சுப் பாத்தன். 3.8 பக்கத்தில மெதொட்சியள் ரெண்டும் சேர்ந்து பரப்பு 3.00 எண்டு வைச்சிருந்தாள், 2.31ல 0.30. அப்ப பத்து மூலக்கூறில ஒண்டு அசற்றேற்று, அருமையான கணக்கு, நான் அந்தக் காலத்தில காட்ட ஆசைப்பட்டது அவளின்ர பேப்பரில வடிவா நிக்குது. வாழ்த்துச் சொல்ல ரைப் பண்ணிக்கொண்டு இருக்க அடுத்த மெசேஜ் வந்தது.

"மாமா, 2.05லயும் ஒரு சின்னக் குச்சி நிக்குது. 4.12லயும். 1.26லயும்."

அந்தத் தோள். 1740. நான் நொய்ஸ் எண்டு சொன்னது.

கொஞ்ச நேரம் போனைப் பாத்துக்கொண்டு இருந்திட்டுக் கேட்டன், "பிரிச்செடுக்க என்ன பாவிச்சனீர்?"

"எதைல் அசற்றேற்று. டைகுளோரோமீதேன் முடிஞ்சுது எண்டவை."

"ரோட்டவேப்பரில எவ்வளவு நேரம் விட்டனீர்?"

"விட்டுக்கொண்டு தான் இருந்தனான் மாமா, இடையில கரண்ட் போயிட்டுது."